காலில் விழாத மன்னிப்பு

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பெரிய தப்பு செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்வது இதுதான்: "நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிக்கிட்டு வா. இல்லன்னா கிளாசுக்குள்ள வராத." எழுத்தில் எதுவும் இருக்காது. சஸ்பெண்ட் என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் நடப்பது அதுதான். விழுப்புரம் மாவட்டத்தில் கண்டாச்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் அந்த அப்பா பல நேரம் ஊரிலேயே இருப்பதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கட்டட வேலையில் இருப்பார், அல்லது கரும்பு வெட்டும் ஆட்களோடு போயிருப்பார். அம்மா வரவேண்டுமென்றால் அன்றைய நூறு நாள் வேலைக் கூலி போய்விடும். அதனால் பையன் வீட்டில் சொல்வதே இல்லை. காலையில் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். ஏரிக்கரையிலும் பம்புசெட்டிலுமாகப் பொழுதைப் போக்குகிறான். மதியம் பள்ளியில் கிடைத்திருக்க வேண்டிய சாப்பாடும் முட்டையும் அவனுக்கு இல்லை. இரண்டு மூன்று நாளில் அவனைவிட வயதில் மூத்த கூட்டாளிகள் கிடைத்துவிடுகிறார்கள். பிறகு அவனைப் பள்ளிக்கு இழுத்து வருவது பெரும்பாடு.

அவன் என்ன கற்றுக்கொண்டான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவன் யாரை அடித்தானோ அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. கிழிந்த சட்டை கிழிந்தபடியே இருக்கிறது. பயம் பயமாகவே இருக்கிறது. அடித்தவன் திரும்பி வரும்போது "உன்னாலதான்டா" என்று முறைத்துக்கொண்டு வருகிறான். தண்டனை கொடுத்தாயிற்று என்று நாம் நிம்மதியாக இருக்கும் அந்த நாட்களில் அடிபட்ட பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியிருப்பதில்லை.

இந்த எண்ணம் உறுத்தியதால்தான் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஓர் அறையை ஒதுக்கினோம். பழைய பெஞ்சுகள் அடுக்கியிருந்த இடம் அது. தப்பு செய்த பிள்ளையை வெளியே அனுப்புவதில்லை. அவன் வழக்கம்போலப் பள்ளிக்கு வரவேண்டும், ஆனால் ஓரிரு நாள் வகுப்பில் உட்காராமல் இந்த அறையில் ஓர் ஆசிரியரோடு இருப்பான். அன்றைய பாடங்களை அங்கேயே படிப்பான். மதியம் எல்லோரோடும் வரிசையில் நின்று சாப்பிடுவான். மீதி நேரத்தில் செய்ததைப் பற்றிப் பேசவேண்டும், அதைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆகவே நடுநிலைப் பள்ளியில் "டி.சி. குடுத்துடுவேன்" என்பது வெறும் மிரட்டல். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 2003இல், தன் கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்பை விலக்கியிருந்தது. "கை ஓங்கக் கூடாதுன்னுட்டாங்க, அனுப்பவும் கூடாதுன்னுட்டாங்க, இனிமே நாங்க என்னதான் சார் பண்றது?" என்று என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துகிறவர் அவர். அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அடிக்காதே என்று சொன்ன சமூகம், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதற்கு ஆளும் தரவில்லை, நேரமும் தரவில்லை.

2022இல் ஆசிரியர்களை மாணவர்கள் மிரட்டும் காட்சிகள் செல்போன்களில் சுற்றின. அந்த ஆண்டே பள்ளிக் கல்வித் துறை ஒரு நெறிமுறை வகுத்தது. முதலில் ஆலோசனை தருவது, அடுத்து திருக்குறளைப் பொருளோடு படித்துச் சொல்ல வைப்பது, நீதிக்கதைகள் சொல்ல வைப்பது, அதற்கும் திருந்தாவிட்டால் பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றுவது என்று அது படிப்படியாகப் போகிறது. பிரம்பைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு இரண்டு மனக்குறை உண்டு. தண்டனையாகப் படித்த குறளை ஒரு பிள்ளை வாழ்நாளில் மறுபடி விரும்பித் தொடுமா? இது முதல் குறை. அதைவிடப் பெரியது மற்றது. குறளை ஆசிரியரிடம் ஒப்பிக்கிறான், கதையைப் பிறரிடம் சொல்கிறான், அடிபட்ட பிள்ளைக்கு மட்டும் அவன் எதுவும் செய்யவேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினாலோ கணக்கு முடியாமலே ஊர் மாறிவிடுகிறது.

பாதிக்கப்பட்டவரிடமே கணக்கைத் தீர்க்க வைக்கும் வழி வேறு நாடுகளில் முன்பே உண்டு. கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் 1974இல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 பேருடைய உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி, நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சியின் யோசனையை ஏற்று, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வாசலுக்கே போய் நேரில் பார்த்து நஷ்டத்தைக் கேட்டறியச் சொன்னார். அவர்கள் கதவு கதவாகத் தட்டினார்கள், பின்பு பணத்தைக் கட்டினார்கள். நியூசிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சட்டம், மாவோரி மக்களின் வழக்கத்தையொட்டி, தப்பு செய்த சிறுவனையும் அவன் குடும்பத்தையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. 1990களில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பள்ளிகளுக்கு இந்த முறை வந்தது. எங்கள் அறையில் கேட்கும் கேள்விகள் அந்த வழியில் வந்தவைதான்: என்ன நடந்தது? அப்போது உன் மனசுல என்ன ஓடுச்சு? இதனால யார் யாருக்குக் கஷ்டம்? அதச் சரிபண்ண என்ன செய்யலாம்? "ஏன்டா பண்ணுன?" என்ற கேள்வி கிடையாது. அதைக் கேட்டால் பன்னிரண்டு வயதுப் பையனிடமிருந்து வரும் பதில் "சும்மா சார்" மட்டுமே.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் வகுப்புத் தலைவி. ஆசிரியர் இல்லாதபோது பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைப்பது அவள் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இந்த வழக்கத்தில் வளராத தமிழ் வாசகர் இருக்க முடியாது. ஒரு பையனின் பெயருக்குப் பக்கத்தில் குறிகள் கூடிக்கொண்டே போயின, திட்டும் கூடியது. ஒருநாள் இடைவேளையில் அவளுடைய அறிவியல் நோட்டைக் கிழித்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நேரம் அது.

அவனை அறைக்கு அனுப்பிவிட்டு முதலில் அவளிடம்தான் பேசினேன். உனக்கு என்ன வேணும் என்று கேட்டபோது அவள் பதிலே சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போலும். மறுநாள் அவளாகவே வந்தாள். "நோட்டு வேணும் சார். அதுல பாத்துதான் பரீட்சைக்குப் படிப்பேன். அப்புறம் இந்தப் பேர் எழுதுற வேல எனக்கு வேணாம்." அவன் சாரி சொல்லணுமா என்று கேட்டேன். "அவனா சொன்னா சொல்லட்டும் சார்."

அவனிடம் யாருக்கெல்லாம் கஷ்டம் என்று கேட்டதற்கு, "எனக்குத்தான் சார்" என்றான். அது உண்மை என்பதால் அதையும் முழுதாகச் சொல்லவிட்டேன். தான் பேசாத நாளிலும் தன் பெயர் பலகையில் இருந்ததைச் சொன்னான். பிறகு வேறொரு மாணவியின் நோட்டை வாங்கி, கிழிந்த பாடங்களை எழுத ஆரம்பித்தான். எழுதிய முதல் இரண்டு பக்கத்தை, புரியவில்லை என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுபடி எழுதினான். கடைசிவரை அவன் வாயிலிருந்து சாரி வரவில்லை. தேர்வுக்கு முன்னால் நோட்டைக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள். பலகையில் பெயர் எழுதும் வழக்கத்தை எங்கள் பள்ளி அதோடு விட்டுவிட்டது. பிள்ளைகளைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்தால் இப்படித்தான் முடியும்.

அவனை ஒரு சாரியாவது சொல்ல வைத்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நான் வற்புறுத்தாததற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒட்டனந்தலில் 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில் கோயில் விழா நடத்தியதையொட்டி எழுந்த பிரச்சினையில், தலித் முதியவர்கள் மூன்று பேர் பஞ்சாயத்தார் முன்னால் காலில் விழ வைக்கப்பட்டார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. அதுவும் மன்னிப்பு என்ற பெயரில்தான் நடந்தது. மன்னிப்பைக் கேட்டு வாங்குகிறவன் மேலே, கேட்கிறவன் கீழே என்று இந்த மண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதனால் நாம் ஒரு பையனை வகுப்பு முன்னால் நிறுத்தி "மன்னிப்புக் கேளுடா" என்றால், அவன் காதில் விழுவது "தோத்துப் போ" என்பதுதான். தோற்றவன் எதையும் சரிசெய்ய மாட்டான். அடுத்த முறை ஜெயிக்கக் காத்திருப்பான்.

சமாதானம் என்ற சொல்லும் எங்கள் பக்கத்தில் அப்படியே. ஊர்ப் பஞ்சாயத்துச் சமாதானங்களில் வழக்கமாக விட்டுக்கொடுப்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளி அறைக்குள் அதே பஞ்சாயத்தைச் சின்னதாக நடத்திவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய பயம். ஆகவே அடிபட்ட பிள்ளைக்கு அந்த அறைக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்டு. மன்னிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் உண்டு. தெருப் பெயரையும் சாதியையும் சொல்லி ஏசினால், ஆயுதம் காட்டினால், பெண்பிள்ளை உடம்பில் கை வைத்தால், அந்த விவகாரம் இந்த அறைக்கு வரவே கூடாது. சட்டம் சொல்லும் இடத்துக்கு அது போகவேண்டும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதித் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்ன ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். புகார் சொன்ன பிள்ளையைப் பாதுகாக்காமல் பேச்சுவார்த்தையைப் பற்றி மட்டும் பேசுவது ஆபத்து. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னது அது. மிக நல்ல பரிந்துரை. ஆனால் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் எத்தனை அந்த எண்ணிக்கையைத் தொடும்? பழக்கங்கள் ஊன்றுவது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான், ஆலோசகர் வராத இடமும் அதுதான்.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளை எடுத்து, அவற்றில் பாதியில் இதை இரண்டு கல்வியாண்டுகள் சோதித்துப் பார்த்து, ராண்ட் ஆய்வு நிறுவனம் 2018இல் முடிவை வெளியிட்டது. இடைநீக்க நாட்கள் குறைந்தன, பள்ளியின் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மாணவர்களின் படிப்பு சரிந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை. உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் பாடத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது, குறும்பு செய்யாமல் அமைதியாக இருக்கும் முப்பது பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அதனால்தான் எங்கள் அறையில் பாடம் கட்டாயம். அந்த நாளில் கணக்கைத் தவறவிட்டவன் மறுநாள் வகுப்பில் விழிக்கிறான், விழிப்பதை மறைக்க மறுபடி வம்பு செய்கிறான். வம்புக்காரன் என்று நாம் பெயர் வைத்த பல பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவர்கள் என்பதை அந்த அறையில் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்க்க முடிந்தது.

ஓய்வான பீரியடில் ஓர் ஆசிரியரின் தனி முயற்சியாக இதை நெடுநாள் ஓட்ட முடியாது. பக்கத்துப் பக்கத்திலுள்ள சில நடுநிலைப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் ஆலோசகரையாவது அரசு தரவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, தலைவரும் பெற்றோர்தான். அந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி அனுப்பும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளை நாளை அடிபட்டு வந்தால், அடித்தவனுக்கு என்ன தண்டனை என்று கேட்பதற்கு முன், "என் பிள்ளைக்கு என்ன வேணும்னு அவகிட்டக் கேட்டீங்களா?" என்று பள்ளியில் கேளுங்கள்.