சிவப்புப் பொத்தானை அமுக்கும் துணிவு

லேத் மிசினுக்கு முன்னால் முதல்தடவை நிற்கும்போது உன் நெஞ்சு அடித்துக்கொள்கிறதா தம்பி? அடிக்கட்டும். கை கொஞ்சம் நடுங்குகிறதா தங்கச்சி? நடுங்கட்டும். அதை யாருக்கும் மறைக்காதே. பருத்தித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் ஆனையிறவைத் தாண்டி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாய். உயர்தரத்தில் கோணவேகத்துக்கு எத்தனை கணக்குச் செய்திருப்பாய்! வேலைத்தளத்தில் அந்தக் கோணவேகம் உன் முகத்துக்கு முன்னால் சுற்றுகிறது.

அந்தக் கணக்கையே இப்போது போட்டுப் பார். நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் விநாடிக்கு 20. ஒன்றைக் கண்டு, உணர்ந்து, கையை இழுக்க மனிதனுக்குக் கிட்டத்தட்டக் கால் விநாடி வேண்டும். அதற்குள் தண்டு 5 தடவை சுற்றிவிடும். 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள தண்டென்றால், முக்கால் மீற்றருக்கு மேல் துணியோ தலைமயிரோ அதில் சுருண்டிருக்கும். உன் பின்னல் எவ்வளவு நீளம்? கழுத்தில் தொங்குகிற கம்பஸ் அடையாள அட்டையின் பட்டி எவ்வளவு நீளம்? "நான் கவனமாக நிற்பேன், பிடித்தால் இழுத்துவிடுவேன்" என்கிற வீரம் இந்தக் கணக்குக்கு முன் ஒரு நொடிகூட நிற்காது.

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. பௌதிகவியல் படித்த இறுதியாண்டு மாணவி, வயது 22. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாணவர்கள் பொதுவாகப் பாவிக்கும் வேலைத்தளத்தில் இரவில் தனியே வேலை செய்தார். கூந்தல் லேத்தில் சிக்கியது. நிறுத்த அருகில் ஒருவரும் இல்லை. அந்த மிசினில் உரிய பாதுகாப்பு மறைப்பு இருக்கவில்லை என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் பிறகு கடிதம் எழுதியது. பல்கலைக்கழகம் அதை மறுத்தது. அந்த வழக்காடலுக்குள் நான் போகவில்லை. உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: உலகத்தின் முதல்வரிசைப் பல்கலைக்கழகம், கெட்டிக்காரப் பிள்ளை, தெரிந்த வேலை. இத்தனையும் இருந்தும் அந்த இரவில் இல்லாமற்போனது பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆள். தனியே மிசினைப் போடாதே. சனிக்கிழமை பிந்திய நேரத்தில், நாளைக்குச் செயற்றிட்டம் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், திறப்பு உன் கையிலேயே இருந்தாலும் போடாதே!

இனி நம் மண்ணின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்துப் பிள்ளையோடு மிசினைப் பற்றிப் பேச முடியாது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போரில் பாழாகி 2014இல்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட போர்க்காலத்தில் பல ஆண்டுகள் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அப்போது இந்தச் சனம் என்ன செய்தது? பிளக்கில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. தேய்ந்த பம்பின் தண்டை லேத்தில் பிடித்துக் கடைந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தது. கிடைத்த இரும்பில் வேண்டிய சாமானைச் செய்த கைகளின் பேரப்பிள்ளை நீ. தலை நிமிர்ந்து நில்!

ஆனால் அந்தக் காலம் ஒரு பழக்கத்தையும் விட்டுப்போனது. "சமாளிக்கலாம்" என்பது அதன் பெயர். மறைப்புக் கழன்றதா, சமாளிக்கலாம். சுவிட்ச் பழுதா, வயரை நேரே கொடுத்துச் சமாளிக்கலாம். கண்ணாடி இல்லையா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமாளிக்கலாம். அன்று வேறு வழி இருக்கவில்லை. சமாளித்தவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். இன்று உனக்கு வழி இருக்கிறது. வழி இருக்கும்போதும் சமாளிக்கிறவன் முன்னோரின் திறமையைப் பெறவில்லை, அவர்களின் தட்டுப்பாட்டை மட்டும் பெற்றிருக்கிறான். சுழலும் மிசினுக்கு மறைப்பு வேண்டும் என்று இந்த நாட்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942லேயே சொல்லிவிட்டது. உன் பாட்டன் காலத்துச் சட்டத்தைவிடப் பிந்தி நிற்கப்போகிறாயா?

சில காரியங்களை இப்போதே கையில் ஏற்று. சக்குச் சாவியை, பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்காதே. இறுக்கி முடிந்ததும் கையோடு சாவியும் வெளியே வரவேண்டும். மறந்துவிட்டு மிசினைப் போட்டால் அது பறந்து போய் யாரைத் தாக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லேத்திலும் துளைக்கும் மிசினிலும் கையுறை வேண்டாம். கையைக் காக்கத்தானே கையுறை என்று வாதாடாதே. முதலில் கையுறை மாட்டும், பின்னால் விரல் போகும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காதே, அது பிளேட்டைப்போல வெட்டும். மிசினை நிறுத்திவிட்டுத் தூரிகையால் எடு. அம்மா கோயிலில் கட்டிவிட்ட நூலை அவிழ்க்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். அவிழ்த்துப் பையில் பத்திரமாக வை, நேர்த்தி குறைந்துவிடாது. மோதிரம், சங்கிலி, தொங்கும் சட்டைக்கை, செருப்பு எல்லாம் வாசலோடு நிற்கட்டும்.

இவையெல்லாம் விதிப்பலகையில் எழுதக்கூடியவை. எழுத முடியாத ஒன்று இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

நீ முதலாம் வருஷம். மூன்றாம் வருஷத்து அண்ணா ஒருவர் அடையாள அட்டை கழுத்தில் ஆட ஆட லேத்தின்மேல் குனிகிறார். கண்டுவிட்டாய். வாய் திறப்பாயா? நம் பல்கலைக்கழகங்களில் சீனியரை எதிர்த்துக் கதைப்பது எவ்வளவு பாரமான காரியம் என்று நாடே அறியும். பகிடிவதையைத் தடைசெய்ய 1998இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட பிள்ளை வேலைத்தளத்துக்குள்ளும் தலைகுனிந்துதான் நிற்கும். கண்ணால் கண்ட ஆபத்தையும் விழுங்கிவிடும். விழுங்காதே! "அண்ணா, நிப்பாட்டுங்கோ! அட்டை தொங்குது" என்று உரத்துச் சொல். மிசின் இரைச்சலில் கேட்கவில்லையென்றால் போய் மிசினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அமுக்கு. அவர் முறைப்பார். முறைக்கட்டும். உனக்குக் கிடைப்பது ஒரு முறைப்பு, அவருக்குக் கிடைப்பது அவருடைய கழுத்து. அந்தக் கணத்தில் அந்த அறையிலேயே பெரிய ஆள் நீதான்.

சீனியர் அண்ணாமாரே, அக்காமாரே, உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு யூனியர் உங்கள் மிசினை நிறுத்தினால் எல்லோருக்கும் முன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். நீங்கள் அன்று கத்தினால், அடுத்த தடவை அவர் வாய் திறக்கமாட்டார்.

"எனக்கு இது தெரியாது, சேர், இன்னொருக்காக் காட்டுங்கோ" என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்பதும் அதே துணிவுதான். அவருக்கு மிசினின் சத்தமே பாஷை. வெட்டும் கூர் மழுங்கியதைக் காதாலேயே கண்டுபிடிப்பார். அப்படிப்பட்டவர் அருகில் நிற்க, தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் பிழையான வேகத்தில் மிசினைப் போடுவது கோழைத்தனம். தங்கச்சி, உனக்குத் தனியாக ஒரு சொல்: குழுவில் நாலு பெடியள் இருந்தால் நீ குறிப்பெழுதுகிறவளாக ஒதுங்கிவிடாதே. பின்னலைச் சுற்றி முடிந்து தொப்பிக்குள் செருகு, கண்ணாடியைப் போடு, கைப்பிடியை உன் கையில் எடு. அரை மில்லிமீற்றரை நீயே வெட்டிப் பார்!

துணிவோடு அடுத்தவர்மேல் அக்கறையும் வேண்டும். பொது மிசின் என்றால் உனக்குப் பிறகு இன்னொருவர் வருவார் என்று பொருள். நீ விட்டுப்போகும் இரும்புச் சீவல் அவருடைய உள்ளங்கையில் ஏறும். துடைக்காமல் விட்ட தளத்தில் காற்றின் ஈரம் துருவாக இறங்கும். வேர்ணியர் இடுக்கியைச் சீவலுக்குள் போட்டால், அடுத்த குழுவின் அளவெல்லாம் பிழைக்கும். துளைக்கும் அலகு உடைந்தால் ஒருவருக்கும் தெரியாமல் பெட்டிக்குள் திருப்பி வைக்கிற பழக்கம் உண்டே, அதைப்போல அறிவுகெட்ட காரியம் வேறில்லை. அடுத்தவர் அதைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் மினக்கெடுவார். வெடிப்பு விழுந்த அலகென்றால் அவர் முகத்திலேயே தெறிக்கும்.

ஆகவே இந்தத் தவணையில் உன்னுடைய முதல் வேலைத்தள வகுப்பிலேயே தொடங்கு. மிசினைப் போடுமுன் சிவப்புப் பொத்தான் எங்கே என்று தேடி, அமுக்கிச் சோதித்துப் பார். வேலை செய்யவில்லையென்றால் அந்த மிசினில் வேலையில்லை என்று சொல்லு, ஒரு கடதாசியில் பெரிதாக எழுதி அதிலே கட்டு, தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிடு. அலகு உடைந்தால் உடைந்த இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேரே அவரிடம் போ. "சேர், நான்தான் உடைச்சனான். எப்பிடி உடைஞ்சதெண்டு சொல்லித் தாங்கோ" என்று கேள்!