எடுப்பதும் வைத்துக்கொள்வதும்

ஒரு அணி தொடர்ந்து தோற்கும்போது அதன் ரசிகர்களுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் கிடைத்துவிடுகிறது. ஜெயிக்கிற அணியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தோற்கிற அணி என்றால் ஆளாளுக்குத் தேர்வுக்குழுத் தலைவர். யாரைத் தூக்குவது, யாரைக் கொண்டுவருவது, கோச்சுக்கு எந்த ரயிலில் டிக்கெட் போடுவது என்று விடிய விடியப் பேசலாம்.

எங்கள் சங்கரன்கோவிலில் இந்தப் பேச்சு கிரிக்கெட்டோடு நிற்பதில்லை. கழுகுமலை வழியாக பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கோவில்பட்டி வந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு அது தீப்பெட்டியும் கடலைமிட்டாயும். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது ஹாக்கி. கோடையில் அங்கே லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும்போது ரயில்வே, வங்கி, ராணுவம் என்று பெரிய அணிகள் இறங்கும். குடிதண்ணீருக்குத் தாமிரபரணியை எதிர்பார்க்கும் அந்தக் கரிசல் ஊரில், ஆட்டத்துக்கு முன்னால் நீலத் தரைமேல் தண்ணீர் பீய்ச்சி அடிப்பார்கள். ஈரமில்லாமல் அந்தச் செயற்கைத் தரையில் பந்து சரியாக ஓடாது. ஸ்டிக்கில் பட்டுப் பந்து கிளம்பும்போது பின்னாலேயே ஒரு நீர்க்கோடு எழுந்து விழும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பந்தை விட்டுவிட்டு அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தபோது எங்கள் டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. 2013 முதல் 2017 வரை நடந்த பழைய லீக்கில் தமிழ்நாட்டுக்கு அணியே கிடையாது. ஏழு வருஷம் கழித்து லீக் உயிர்பெற்றபோதுதான் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ வந்தது. ஒரு அணி கையில் 4 கோடி ரூபாய். 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. அதில் நான்கு பேர் ஜூனியர் ஆட்டக்காரர்களாக இருந்தாக வேண்டியிருந்தது. டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும், அமித் ரோகிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது.

“அம்பத்தி நாலு லச்சம் சார் ஒரே ஆளுக்கு! அந்தக் காசுக்கு நம்ம பக்கத்துப் பயலுவள பத்துப் பேர எடுத்துப் போட்டிருக்கலாம்லா?” என்றார் விசைத்தறியில் வேலை பார்க்கும் தம்பி.

ஓய்வுபெற்ற பி.டி. சார் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. “போட்டு? பெனால்டி கார்னர் கெடச்சா யாருப்பா அடிப்பா, நீ அடிப்பியா?”

“மூணு வருசம் தோத்தாலும் பரவால்ல சார். புதுசா கட்டி எழுப்பட்டும்.”

“யாரோட மூணு வருசம்?”

தம்பி அதை நக்கலாக எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டார். சார் நக்கலாகத்தான் கேட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எனக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஏலம் என்பது ஆளையும் அணியையும் பொருத்துகிற ஒரு முறை, அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஐஸ் ஹாக்கிக்கு வேறு முறை வைத்திருக்கிறார்கள். 1963 முதல் அங்கே ‘டிராஃப்ட்’. பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நம் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சுக்காரனுக்கு எப்போதாவது முதல் தேர்வு கிடைத்திருக்கிறதா? ஆனால் வேண்டுமென்றே தோற்றால் நல்ல பையன் கிடைப்பான் என்று அணிகள் கணக்குப் போடவும், 1995இல் குலுக்கலைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. எட்மண்டன் ஆயிலர்ஸ் என்ற அணிக்கு 2010, 2011, 2012 என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதல் தேர்வு வாய்த்தது. ஆனாலும் 2016 வரை பத்துப் பருவம் அது அடுத்த சுற்றுக்கே போகவில்லை. அந்த மூவரில் ஒருவரான நைல் யகுபோவ் சில வருஷங்களில் ரஷ்யாவுக்கே திரும்பிவிட்டார். 1998இல் 171வது ஆளாக எடுக்கப்பட்ட பாவெல் டட்சுக் உலகம் கொண்டாடிய ஆட்டக்காரர் ஆனார். அத்தனை கண்காணிப்பாளர்கள், அத்தனை அளவுகோல்கள் இருந்தும் 170 தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் லக்னோவில் இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது, பெல்ஜியத்தை 2-1 என்று வீழ்த்தி. அணித்தலைவர் ஹர்ஜீத் சிங். அவர் வாழ்க்கையைச் சினிமாவாகவே எடுத்தார்கள். அன்றைக்கு இந்திய ஹாக்கியின் எதிர்காலம் யார் என்று கேட்டிருந்தால் பலரும் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. அதே இறுதியாட்டத்தில் கோல் போட்ட சிம்ரன்ஜித் சிங் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு மாற்று ஆளாகத்தான் போனார். 16 பேர் பட்டியலில் அவர் இல்லை. கொரோனாவை முன்னிட்டு மாற்று ஆட்களையும் ஆடவிடலாம் என்று விதி மாறியதால் களத்துக்கு வந்தார். 2021 ஆகஸ்ட் 5, வெண்கலப் பதக்க ஆட்டம், ஜெர்மனியிடம் இந்தியா 1-3 என்று பின்தங்கியிருந்தது. கடைசியில் 5-4 என்று வென்றது. அந்த ஐந்தில் இரண்டு சிம்ரன்ஜித்துடையது. 41 வருஷம் கழித்து வந்த பதக்கம் அது.

ஆகவே தேர்வு செய்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. சிம்ரன்ஜித்தை வெட்டியதும் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் வெட்டிய பிறகும் முகாமில் வைத்திருந்தார்கள், பயிற்சியில் வைத்திருந்தார்கள். விதி மாறியபோது ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். நாம் ஏலத்தைப் பற்றி ஏழு நாள் பேசுகிறோம். இந்த வைத்திருத்தலைப் பற்றி ஒரு நாளும் பேசுவதில்லை. பேசுவதற்கு அதில் சுவாரசியம் இல்லை, அதனால்தான்.

வைத்திருக்காமல் விட்டதன் வரலாறும் நம்மிடம் இருக்கிறது. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்ற நாடு, 2008இல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. சிலி நாட்டின் சாந்தியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று வாசலிலேயே நின்றது. 2012 லண்டனில் ஆறு ஆட்டமும் தோல்வி, பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. உடனே எல்லாரும் சொன்னது நம் தறிக்காரத் தம்பி சொன்னதேதான்: கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டு. கட்டினார்களா? 2009 முதல் பத்து வருஷத்துக்குள் பிராசா, நோப்ஸ், வால்ஷ், வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மரைனே, ஹரேந்திர சிங் என்று ஏழு பயிற்சியாளர்கள். ஒருவர் வந்து ஒரு ஆட்டமுறையைச் சொல்லிக்கொடுப்பார். பையன்கள் அதைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் அடுத்தவர் வந்து அதை மறக்கச் சொல்வார். 2019இல் வந்த கிரஹாம் ரீட் ஒலிம்பிக் முடியும் வரை, கொரோனாவால் அது ஒரு வருஷம் தள்ளிப்போனபோதும், மாற்றப்படவில்லை. பதக்கத்துக்கு அது ஒன்றே காரணம் என்றால் மிகை. ஒடிசா அரசு 2018 முதல் போட்ட பணம் இருக்கிறது, கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் கால்காப்பு இருக்கிறது. இருந்தாலும் அந்த அமைதியான இரண்டரை வருஷத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கு எழுத முடியாது.

எங்கள் ஊர் விசைத்தறியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். புதிதாகத் தறிக்கு வருகிற பையனுக்குப் பாவு இழை அறுந்தது கண்ணில் படாது. தறி பாட்டுக்கு ஓடும். சேலை நெடுகக் கோடு விழுந்துவிடும். அது ரெண்டாந்தரம், பாதி விலைக்குத்தான் போகும். அந்தச் சேதாரத்தைப் பையன் கூலியில் பிடிக்கிற முதலாளி உண்டு, தன் கணக்கில் எழுதிக்கொள்கிற முதலாளியும் உண்டு. முதலாமவர் வருஷம் பூராவும் ஆள் தேடிக்கொண்டிருப்பார், தேடும்போது “நல்ல பையனா கெடைக்க மாட்டேங்கான்” என்பார். ரெண்டாமவர் தறிச்சத்தம் மாறுகிறதை வைத்தே இழை அறுந்ததைச் சொல்கிற ஆட்களை வைத்திருக்கிறார்.

இதையே பிடித்துக்கொண்டு ‘பொறுமைதான் எல்லாம்’ என்று முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்வதிலும் ஒரு அழுகல் உண்டு. இந்தப் பக்கத்துக் கிராம அணிகள் சிலவற்றில் தொப்பை விழுந்த பிறகும் நடுக்களத்தை விட்டு நகராத அண்ணாச்சிகள் இருக்கிறார்கள். ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர், ஆகவே அவர் ஆடுவார். ஓரத்தில் பத்தொன்பது வயதுப் பையன் ஸ்டிக்குக்கு டேப் சுற்றிக்கொண்டே பருவத்தை முடிப்பான். அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை, தயவு. யாரையாவது வைத்திருக்கும்போது இன்னொருவர் காத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனின் கணக்கு வேறு. கட்டாந்தரையில் ஹாக்கி படித்தவன் அவன். பந்து எங்கே குதிக்கும் என்று தெரியாத மண்ணில் அதை நிறுத்தக் கற்றவன், செயற்கைத் தரைக்குப் போனதும் பந்து குதிக்காமல் வழுக்கி வருவதைப் பார்த்து முதல் மாதம் பூராவும் தடுமாறுவான். கை முந்திவிடும். விடுதியில் இடம் கிடைத்திருந்தால் அங்கே அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஹாக்கி என்றால் அவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை. அதற்கு வயது வரம்பு உண்டு. “இந்த வருசமும் செலக்சன் ஆகலியா? அப்ப வேற வேலயப் பாருல” என்கிற அப்பாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. காத்திருக்க வசதி வேண்டும். பி.டி. சார் கேட்டது இதைத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அணியைக் கட்டி எழுப்ப மூன்று வருஷம் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். அந்த மூன்று வருஷமும் அதில் ஆடுகிற பையன்களின் வயதிலிருந்து போகிறது. ரசிகனுக்கு அடுத்த பருவம் நிச்சயம் உண்டு.

அப்படியிருந்தும் இங்கிருந்து ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். 2004 ஏதென்ஸில் ஆடம் சின்க்ளேர் ஆடினார். அப்புறம் ஒலிம்பிக் அணியில் தமிழ்நாட்டுக்கு நீண்ட இடைவெளி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வமும் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். அன்று ராத்திரி இந்தப் பக்கத்து போன்களில் வேறு பேச்சே இல்லை. 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். 2024 பாரிஸ் பட்டியலில் இல்லை. “எடுத்தாங்க, ஆடுனான், விட்டுட்டாங்க” என்று தறிக்காரத் தம்பி மூன்றே சொல்லில் முடித்தார். ஏலத்தில் டிராகன்ஸ் அவரை எடுத்தபோது மேசையில் தட்டியவரும் அதே தம்பிதான். அந்தப் பருவத்தில் டிராகன்ஸ் எட்டு அணிகளில் நான்காவதாக வந்தது. முதல் வருஷத்துக்கு மோசமில்லை என்று நான் சொன்னேன். ரெண்டு கட்சிக்குமே அது ருசிக்கவில்லை.

2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்து முடிந்ததும் பேச்சு மறுபடி சூடுபிடித்தது. வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று கிடந்த நம் பையன்கள் 4-2 என்று எழுந்தார்கள். எவன் தேறுவான், எவன் காணாமல்போவான் என்று கடையில் ஆளுக்கொரு பட்டியல். நானும் ஒன்று வைத்திருக்கிறேன், காட்ட மாட்டேன். லக்னோ பட்டியலே கண்முன்னால் இருக்கிறதே.

நான் கேட்கிற விவரம் வேறு. ஏலம் முடிந்த மறுநாள் யாரை எத்தனை லட்சத்துக்கு எடுத்தார்கள் என்று எல்லாப் பத்திரிகையும் அட்டவணை போடுகிறது. பருவம் முடிந்த மறுநாள், கட்டாயத்துக்காக எடுத்த அந்த ஜூனியர் பையன்களை எத்தனை நிமிஷம் களத்தில் விட்டார்கள் என்றும் ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுத அதிக நேரம் ஆகாது. நான் எழுதிவிட்டேன். நீங்களும் எழுதினால் போடுவார்கள்.