நம்பிக்கை யார் பொறுப்பு?



பயாப்சி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டால், நம் வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி மருத்துவத்தைப் பற்றியது அல்ல. “நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்?” என்பதுதான் அது. நோயாளி கேட்காவிட்டாலும் பார்க்க வருகிறவர்கள் கேட்க வைத்துவிடுகிறார்கள். போன பிறவி வினை, பித்ரு தோஷம், குலதெய்வத்துக்கு வைத்த குறை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். ஏற்கெனவே பயந்து கிடக்கிறவரின் தலையில் குற்றவாளி என்ற பட்டத்தையும் சேர்த்து ஏற்றுகிறார்கள்.

பக்தியின் பெயரால் நடக்கிற இந்தக் கொடுமைக்கு இந்த மேடையில்தான் பதில் சொல்ல வேண்டும். தட்சிணேஸ்வரத்தில் காளியையே தாயாகக் கண்டு பேசிய ராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால்தான் 1886 ஆகஸ்டில் உடலை விட்டார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷிக்கு இடக்கையில் சிறு கட்டியாகத் தோன்றியது சார்கோமா என்னும் புற்று. 1949-இல் அறுத்து எடுத்தார்கள், மீண்டும் வளர்ந்தது, மறுபடி அறுத்தார்கள். நான்கு முறை கத்தி பட்டது. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் சமாதி அடைந்தார். இந்த இருவரும் என்ன பாவம் செய்தார்கள்? சொல்லுங்கள். புற்றுநோய் உடம்புக்கு வருகிற நோய். செல்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவதால் வருவது. அதை யாருக்கும் இறைவன் தண்டனையாக எழுதி அனுப்பவில்லை.

இன்னொரு கொடுமையும் உண்டு. அது அன்பின் வேடத்தில் வருகிறது. “தைரியமா இரு, பாசிட்டிவா நினை, அழாதே” என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் கீமோ ஏற்றிக்கொண்டு வந்து, வாயெல்லாம் புண்ணாகி, சோற்றின் வாசனையே ஆகாமல் குமட்டிக்கொண்டு படுத்திருக்கிறவர், நம்மைச் சமாதானப்படுத்துவதற்காகச் சிரிக்கவும் வேண்டியிருக்கிறது. அவர் அழுதால் நம்பிக்கை இழந்துவிட்டார் என்று முடிவு கட்டுகிறோம். அப்பர் பெருமான் திருவதிகையில் பாடிய முதல் பதிகமே வலி பொறுக்க முடியாத அழுகைதான். குடலைப் புரட்டுகிறது, தாங்க முடியவில்லை என்று இறைவனிடம் முறையிடுகிறார். அந்த அழுகையைத்தான் சைவ உலகம் திருமுறையாகப் போற்றி இன்றும் ஓதுகிறது. சந்நிதியில் அழலாம் என்றால் வீட்டில் அழக் கூடாதா?

அப்பரின் கதையைச் சேக்கிழார் சொன்ன வழியில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அதில் நாம் கவனிக்காமல் கடந்து போகிற ஒருவர் இருக்கிறார்: அக்கா திலகவதியார். தாயும் தந்தையும் போனார்கள். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். இனி இருந்து என்ன என்று உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். அப்போது சிறுபிள்ளையாக இருந்த தம்பி மருள்நீக்கியார், அவர்தான் பின்னாளில் அப்பர், காலில் விழுந்து அழுதார். அம்மா அப்பா போன பிறகும் நான் இருப்பது உன்னைப் பார்த்துத்தான், நீயும் போவதென்றால் உனக்கு முன்னே நான் போய்விடுவேன் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அக்கா உயிர் வைத்திருந்தார். முதலில் தம்பிதான் அக்காவுக்குத் துணை.

பிறகு தம்பி சமணம் சேர்ந்தார், தருமசேனர் என்று பெரும் பெயர் பெற்றார், அக்காவை விட்டு வெகுதூரம் போய்விட்டார். அங்கேதான் சூலை என்னும் கடும் வயிற்று நோய் பிடித்தது. உடனிருந்தவர்கள் மந்திரம் சொன்னார்கள், மயிற்பீலியால் தடவினார்கள். எதுவும் பலிக்காமல் போகவே கைவிட்டார்கள். இரவோடு இரவாகத் திருவதிகைக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். என்னை விட்டுப் போனாயே என்று திலகவதியார் ஒரு சொல் கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார். பொழுது விடியுமுன் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலில் தாம் அன்றாடம் செய்கிற தொண்டுக்குக் கிளம்பினார், தம்பியையும் கூட அழைத்துப் போனார். நோயில் துவண்டவனுக்கு நம்பிக்கையைச் சொல்லால் ஊட்டவில்லை. தன் நம்பிக்கையை விடாமல் வைத்திருந்து, அதன் பக்கத்தில் அவனை நடக்க வைத்தார்.

அந்தச் சூலையே இறைவன் அருள்தான் என்று பெரிய புராணம் சொல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், சொல்கிறது. குணமான பிறகு அப்பர் அப்படி உணர்ந்தால் அது அவருக்கு உரிமை. படுக்கையில் கிடக்கிறவரிடம் போய், இது உனக்கு வந்த அருள் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். நம்பிக்கை என்ற பாரத்தையும் அப்படித்தான் பங்கிட வேண்டும். அதை முதலாமவர் தலையில் மட்டும் வைத்துவிட்டு மற்றவர்கள் விலகி நிற்பது தர்மம் அல்ல.

அந்தப் பாரத்தைத் தன் தோளில் ஏற்றவர் ஒருவர் உண்டு: தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புற்றுநோய் என்றாலே மரணம் என்று நாடு நம்பிய காலத்தில், 1954-இல், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டார். அந்தக் காலத்தில் இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் சில மாதங்கள் இருந்தாலே பெரிது. இன்று குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற வகையில், சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதையும் நான் அருள் என்றே சொல்வேன்.

ஆகவே திருநீறு பூசுங்கள், வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், ஆனால் கீமோ தேதியைத் தவற விடாதீர்கள். கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், உடம்பு எரிந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, விசாரியுங்கள்.

எல்லா நோயும் குணமாகிவிடாது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குணமாகாது என்று தெரிந்த பிறகும் நம்புவதற்கு இருக்கிறது: இன்று இரவு வலியில்லாத தூக்கம், பேத்தியின் சடங்கு, பேசாமல் இருந்த அண்ணனோடு ஒரு பேச்சு. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பது பக்தி ஆகாது. வலியைத் தணிக்க மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பரமஹம்சருக்குத் தொண்டையில் சோறு இறங்காத நாளில், காளித் தாயிடம் கேட்டு ஒரு வாய் உண்ணும் வரமாவது வாங்குங்கள் என்று சீடர் நரேந்திரர் மன்றாடினார்; கேட்டேன், இத்தனை பேர் வாயால் நீ உண்கிறாயே என்று தாய் சொல்லிவிட்டாள் என்று அவர் மறுமொழி சொன்னார். உடம்பு தேறவில்லை, ஆனால் அவர் தனியாக இல்லை.

உங்கள் தெருவில், உறவில் இப்போது ஒருவர் இந்த நோயோடு இருப்பார். அடுத்த முறை அங்கே போகும்போது காரணம் தேடாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். அடுத்த கீமோ எந்தத் தேதி, நான் கூட வரட்டுமா என்று கேளுங்கள். வருகிறேன் என்று சொன்னால் அன்று காலையில் போய் நில்லுங்கள்.