கூலியால் வாங்க முடியாதது

ஓரிடத்தில் ஒருவர் இருபது ஆண்டுகள் நிலைத்து வேலை செய்கிறார். மற்றோரிடத்தில் ஆள் வந்த வேகத்திலேயே போய்விடுகிறார். போனவரைப் பற்றி, ‘நாலு காசு கூடக் கிடைத்ததும் ஓடிவிட்டான், நன்றி கெட்டவன்’ என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். மனிதனை ஒரு வேலையில் நிறுத்துவது கூலி மட்டுந்தானா என்று சிந்திப்பதில்லை. இந்தக் கேள்விக்கு அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் வரலாறு விடை தருகிறது.

டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் கார்த் தொழிற்சாலை இருந்தது. 1913-இல் அங்கே ஒரு புதுமுறை புகுந்தது. தொழிலாளி காரைத் தேடிப் போகவில்லை. கார் அவரைத் தேடி நகர்ந்து வந்தது. ஒருவர் ஆணியைச் செருகுவார். அடுத்தவர் அதை முடுக்குவார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை சில மாதங்களில் 93 நிமிடங்களாகச் சுருங்கிற்று. உற்பத்தி பெருகிற்று, ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. சுமார் 14,000 பேர் வேண்டிய இடத்துக்கு அந்த ஓராண்டில் 52,000-க்கு மேற்பட்டோரை எடுக்க வேண்டியதாயிற்று. கைத்திறன் உள்ள மனிதருக்குக் காலை முதல் மாலை வரை ஒரே ஆணியை முடுக்கிக்கொண்டிருக்க மனம் ஒப்பவில்லை.

1914 ஜனவரி 5-ஆம் நாள் ஃபோர்டு ஓர் அறிவிப்புச் செய்தார். ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டரை டாலருக்கும் குறைவாக இருந்த நாட்கூலி, எட்டு மணி நேரத்துக்கு ஐந்து டாலராகும் என்றார். கடுங்குளிரில் வாயிலில் நெருக்கியடித்த கூட்டத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கலைக்க நேர்ந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கு 370 என்றிருந்த ஆள் மாற்றம் 1915-இல் 16 ஆக இறங்கிற்று.

கூலி பெரிதல்ல என்று உபதேசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் பசி தீராத வீட்டிலிருந்து வருபவரிடம், ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்வது வெறும் வாய்ப்பந்தல்.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. அந்த ஐந்து டாலரில் ஏறக்குறைய பாதி, இலாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாரா என்று விசாரிக்க அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். குடிக்காதிருப்பதும் சேமிப்பதும் நல்லவையே. ஆனால் கூலி கொடுப்பவர் என்ற ஒரே உரிமையில் ஒருவரின் அடுக்களை வரை நுழையலாமா? பின்னர் அந்த விசாரணை ஓய்ந்தது, கண்காணிப்பு ஓயவில்லை. 1930-களில் வேலையிடத்தில் வாய் திறந்து பேசவும் தடை இருந்தது. உதடு அசையாமல் பேசத் தொழிலாளர்கள் பழகிக்கொண்டார்கள்.

ஒரு காலத்தில் உலகமே வியந்த கூலியைக் கொடுத்த அந்த நிறுவனத்தின் ரூஜ் ஆலையில் 1941 ஏப்ரலில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அதே ஆண்டு ஜூனில் தொழிற்சங்கத்தோடு நிறுவனம் ஒப்பந்தம் செய்துகொண்டது. காசு மட்டுமே குறையாக இருந்திருந்தால் அவர்களுடைய கோபம் அவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது. தம் குறையைச் சொல்ல இடமில்லாமையும், எந்நேரமும் சந்தேகத்துக்கு உள்ளாகி நிற்பதும் அவர்களை வாட்டின.

நம்மில் பலர் கடையிலோ வீட்டிலோ ஓரிருவருக்கேனும் வேலை கொடுப்பவர்கள். நாம் வாங்குவது அவருடைய எட்டு மணி நேர உழைப்பை, அவரையே அல்ல. மனம் ஒன்றி அவர் வேலை செய்ய வேண்டுமானால், செய்த வேலை தம்முடையது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். ஒரு பொறுப்பை அவரை நம்பி விட வேண்டும். அவர் சொல்வதற்கும் காது கொடுக்க வேண்டும். உரிய கூலியை உரிய நாளில் கொடுத்துவிட்டோம் என்பது நம் கடமையின் முதற்பாதிதான். நம் முன் அவர் அச்சமின்றி வாய் திறந்து பேசுகிறாரா என்பதை நாளைக் காலையே நாம் கவனித்துப் பார்க்கலாம்.