குதிரை வாங்கப் போன பணம்

ஆவுடையார்கோயில் கொடுங்கைகளைப் பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்பார்கள். கருங்கல்லை மரச்சட்டம்போல இழைத்து, ஆணிக் குமிழைக்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று முன்ஜாக்கிரதையாக ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்வதுண்டு. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றை வடித்த சூட்டோடு கல்மேடையில் கொட்டிப் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவிதான் சுவாமிக்கு நைவேத்தியம்.

இவ்வளவு பெருமையுள்ள கோயிலின் தலவரலாறு இன்றைய தணிக்கையாளர் கையில் கிடைத்தால் நிதி முறைகேடு என்றுதான் எழுதுவார்.

கதை தெரிந்ததுதான். பாண்டியனின் அமைச்சர் வாதவூரர். கடற்கரையில் வந்திறங்கிய குதிரைகளை வாங்கிவரச் சொல்லி, கருவூலப் பணத்தைக் கொடுத்து அரசன் அனுப்புகிறான். வழியில் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளிய சிவனைக் காண்கிறார் அமைச்சர். கையிலிருந்த பணம் முழுவதும் திருப்பணிக்கும் அடியார்களுக்கும் போய்விடுகிறது. வாதவூரர் மாணிக்கவாசகர் ஆகிறார். (இப்போது நிற்கும் கற்பணியில் பெரும்பகுதி அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்பது வேறு விஷயம்.)

ஒருவர் நம்பிக் கொடுத்த பணத்தை, அவர் சொன்னதைவிட உயர்ந்ததாகத் தோன்றும் காரியத்துக்குச் செலவழிக்கலாமா? அறக்கட்டளை, சங்கம், கோயில், பள்ளி என்று எந்த நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தாலும் என்றைக்காவது ஒருநாள் இந்தக் கேள்வி மேஜைக்கு வரும். திருடுகிறவனை அடையாளம் காண்பது சுலபம். நல்லெண்ணத்தோடு தீர்மானத்தைத் திருத்துகிறவரைத்தான் யாரும் தட்டிக்கேட்பதில்லை.

புராணம் இந்த இடத்தில் சலுகை காட்டவில்லை. பக்தர்தானே, விட்டுவிடு என்று சிவன் அரசன் கனவில் வந்து சொல்லவில்லை. தாமே குதிரைச் சேவகனாக வேடம் போட்டுக் குதிரைகளை ஓட்டிவந்து ஒப்படைக்கிறார். இரவில் அவை நரிகளாக மாறி ஓடிவிட, வாதவூரரை வைகைச் சுடுமணலில் நிறுத்துகிறார்கள். பிறகு வெள்ளம், வந்தியின் பிட்டு, மண் சுமந்த கூலியாளாக வந்த இறைவன் முதுகில் விழுந்த பிரம்படி. அந்த அடி அரசன் முதல் எல்லா உயிர்கள் மேலும் பட்டது என்கிறது கதை. அன்பரின் செலவுக்கு ஈடுகட்ட ஆண்டவனே அடிபட வேண்டியிருந்தது என்று இதைப் படிப்பதில் தவறில்லை. அப்படி வந்து அடிவாங்கிக்கொள்ள ஆள் இல்லாத நிர்வாகிகள் மாணிக்கவாசகரை முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது.

சைவத்திலேயே இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. சேய்ஞலூர் விசாரசருமர் ஊர்ப் பசுக்களை மேய்த்தவர். மணலில் லிங்கம் பிடித்து வைத்து அந்தப் பசுக்களின் பாலால் அபிஷேகம் செய்தார். அடுத்தவர் மாட்டுப் பால்தான். ஆனால் உரியவர் வீட்டில் கறக்கும் பால் குறையவே இல்லை என்பதைச் சேக்கிழார் மறக்காமல் சொல்லிவிடுகிறார். அந்தச் சிறுவர்தான் பின்னால் சண்டேசுவரர். சோழர் காலத்துச் சிவன் கோயில்களில் நிலம் வாங்குவதும் விற்பதும் அவர் பெயரில்தான் நடந்தன. இன்றைக்கும் சந்நிதி சுற்றி முடித்தவர்கள் அவர் முன் மெல்லக் கை தட்டி, கோயிலிலிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள்.

தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் 28-ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பணத்தை எவ்வளவு கவனமாகக் கையாள்வாரோ அவ்வளவு கவனமாக அறங்காவலர் கோயில் பணத்தைக் கையாள வேண்டும் என்கிறது. கொடுத்தவர் விதித்த நிபந்தனைப்படியும் கோயில் வழக்கப்படியும் செலவழிக்க வேண்டும் என்கிறது. கோயிலின் தேவைகளுக்குப் போக மிஞ்சும் உபரியை என்ன செய்யலாம் என்பதற்குத் தனிப் பிரிவுகளே உண்டு. விசாரசருமரின் பால் உபரி. வாதவூரரின் பணம் முதல்.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டை. கோயில் நிதியில் கல்யாண மண்டபம் கட்ட அனுமதித்த அரசாணைகளை 2025 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. அடுத்த மாதம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஏழை வீட்டுக் கல்யாணம் குறைந்த வாடகையில் நடந்தால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறார் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் உண்டியலில் போட்டவர் எதற்காகப் போட்டார் என்பதும் அதே அளவு நியாயமான கேள்வி.

கடவுள் சம்பந்தப்படாத இடத்திலும் இதே வழக்குதான். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1961-ல் ராபர்ட்சன் குடும்பம் 35 மில்லியன் டாலர் கொடுத்தது, மாணவர்களை அரசுப் பணிக்குத் தயார்செய்ய. பணம் வேறு காரியங்களுக்குப் போகிறது என்று 2002-ல் வாரிசுகள் நீதிமன்றம் போனார்கள். 2008-ல்தான் சமரசம். பல்கலைக்கழகம் யாரையும் ஏமாற்ற நினைத்ததாகத் தெரியவில்லை, வாதவூரரும் நினைக்கவில்லை.

கோயில் அறங்காவலர் குழுவில் பொதுவாக மூன்று முதல் ஐந்து பேர். ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும், மற்றொருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒத்து ஊதுவதற்காக இத்தனை பேரை உட்கார வைக்கவில்லை. ‘இது குதிரை வாங்கக் கொடுத்த பணமாச்சே’ என்று ஒருவராவது வாய்திறக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அவர்கள் யாரும் வாய் திறக்காவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. நிர்வாகியே தெய்வத்தின் நலனுக்கு எதிராக நடந்தால், அங்கே கும்பிடுகிற சாதாரண பக்தர் ஒருவர் தெய்வத்தின் சார்பில் வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.