நெடும்பேரவையிற் பொழுது போக்கல்

சைவ மாநாடுகளிலும் ஆண்டு விழாக்களிலும் காலை முதல் இரவுகாறும் அமர்ந்திருக்கும் அன்பர்கள், கேட்டலில் மனஞ் செல்லாதவழிப் பொழுதை எவ்வாறு போக்குகின்றனர் என்பது நம் ஆசிரியர்கள் தனியே எடுத்து ஆராய்ந்த பொருளன்று. இதனை எழுதுதலே தகாது என்று பெரியோர் சிலர் முனியவுங் கூடும். ஆயினும் நாற்பதாண்டாக மேடைமீதும் மேடைக்கீழும் இருந்து பழகிய யாம் இதனை ஒருசிறிது பேசத் துணிகின்றேம். என்னை? அவையினர் செய்வனவெல்லாம் யாமும் செய்திருக்கின்றேம் ஆகலின்.

எமது நாடு சேலமும் நாமக்கல்லும் சூழ்ந்த சமவெளி. 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததாயினும் எம்மனோர்க்கு இரண்டும் ஒன்றே. கொடிமாடச் செங்குன்றூர் என்று தேவாரத்துள் வழங்கும் திருச்செங்கோடு இந்நாட்டின் தலைமைத் தலம். ஆளுடைய பிள்ளையார் அங்கு எழுந்தருளியிருந்தபோது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்ற, அவர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனைத் தீர்த்தனர் என்பது பெரிய புராண வரலாறு. இக்காலத்து அடியார் கூட்டத்தைப் பற்றுவது குளிர்சுரமன்று, கொட்டாவி. முன்வரிசையில் ஒருவர்க்குத் தோன்றிய அது பின்வரிசைவரை சென்று மீள்வதனை மேடையிலிருந்து நன்கு காணலாம்.

பொழுது போக்கும் வகைகளுட் சில கூறுதும். அழைப்பிதழை நான்காக மடித்து விசிறிக்கொள்ளுதல் எல்லார்க்கும் பொது. அதனை மீண்டும் விரித்து, தலைமை, முன்னிலை, வரவேற்பு, வாழ்த்துரை, நன்றியுரை எனப் பெயர்களை எண்ணி, இன்னார்க்கு முன் இன்னார் பெயர் வந்தமை முறையோ என்று உள்ளத்தே வழக்காடுதல் சபைத் தொடர்புடையார்க்கு உரியது. உருத்திராக்கம் உருட்டுவார் உளர். உருள்வது மணி மட்டுமோ, திருவைந்தெழுத்தும் உடன் செல்கின்றதோ என்பதனை அவரே அறிவர். இளையோரும், இப்போது முதியோரும், கைப்பேசியை மடிக்கண் மறைத்து விரலால் தள்ளுகின்றனர்; அதன் ஒளி முகத்திற் படுதலால் மறைத்தது பயனின்றிப் போகின்றது. பந்தற்குப் பின்னே கடுகு வெடிக்கும் ஓசை கேட்ட மாத்திரத்தே அவை முழுதும் நிமிர்ந்து உட்காரும். அதனைத் தம் சொல்லாற் பிறந்த எழுச்சி என்று கருதிப் பின்னும் அரைமணி நீட்டிய சொற்பொழிவாளர் ஒருவரை யாம் அறிவேம். மறைப்பானேன்? அவர் யாமே.

கோயில் மண்டபத்துக் கூட்டமாயின் அண்ணாந்து பார்த்தலும் உண்டு. கெட்டி முதலியார் மரபினர் திருப்பணி செய்த தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், விதானத்திற் கல்லாற் செய்த தாமரையும் அதனைச் சூழ்ந்த கிளிகளும் பல சொற்பொழிவுகளினின்று எம்மைக் கவர்ந்து சென்றிருக்கின்றன. ஆண்டுள்ள வாலிவதைச் சிற்பத்தில், இராமன் நிற்குமிடத்திலிருந்து நோக்கினால் வாலி தெரிவன். வாலி நிற்குமிடத்திலிருந்து நோக்கினால் இராமன் தெரியான். இதனை எழுந்து சென்று சரிபார்த்து மீண்டு அமர்ந்தாரையும் கண்டுளேம். அவர்மேல் எமக்குக் குறையில்லை, சிற்பியுஞ் சிவத்தொண்டனே.

இச்சோர்வின் இயல்பு யாது? உறக்கமும் மடியும் தாமத குணத்தின் காரியம் என்ப. நனவு, கனவு, உறக்கம் எனும் அவத்தைகள் பிற்பகல் இரண்டு மணி அமர்வில் நிரலே நிகழ்தலைக் காட்சியளவையானே தெளியலாம். எனினும் உறங்குவாரை யாம் குற்றங் கூறேம். விடியலில் மாடு கறந்து, பாலூற்றி, இரண்டு பேருந்து மாறி வந்தவர் சோறுண்டபின் கண்ணயர்தல் உடலின் இயல்பு. எம் ஐயம் விழித்திருந்தே சலிப்பாரைப் பற்றியது.

எகிப்து நாட்டுப் பாலைநிலத்தே 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இவாகிரியசு என்னும் கிறித்துவத் துறவி இச்சலிப்பினை நண்பகற் பேய் என வழங்கினர். அது பற்றியவர்க்கு ஞாயிறு நகராது நிற்பதுபோலத் தோன்றும். பகல் ஐம்பது மணி நீண்டாற்போலும். உண்ணும் வேளைக்கு இன்னும் எவ்வளவு என்று வெயிலை அளக்கத் தூண்டும். உடனுறையும் துறவிகள்மேல் வெறுப்பு விளைக்கும் என்றனர். பிற சமயத்தார் கூற்றாயினும் நம் மாநாட்டுப் பந்தலை நேரிற் கண்டு எழுதினாற் போன்றுளது.

கேட்பார்மேலேயே குற்றம் முழுதும் ஏற்றுதல் நடுவன்று. 1905-இல் ஞானியாரடிகள் முதலியோர் முயற்சியாற் சைவ சித்தாந்த மகா சமாஜம் தோன்றிய பின் ஆண்டு மாநாடு என்னும் முறை நம்மிடை வேரூன்றியது. சாத்திரங்கள் மடங்களின் வெளியே பொதுமக்கள் செவிக்கு எட்டியதில் அதன் பங்கு பெரிது. ஆயின், பேசுவோர் தொகை பெருகிய அளவிற்கு நேரம் பெருகாது என்பதனை அமைப்பாளர் பலர் மறந்தனர். சேக்கிழார் பெருமான் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தே சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரைவரை ஓராண்டு பெரிய புராணத்தை விரித்துரைத்தார் என்பர். அதனைத் தம் நீட்டத்திற்குச் சான்று காட்டுவாரும் உளர். அவர் சேக்கிழார் அல்லர் என்பது ஒன்றே அதற்கு விடை. திருமுருக கிருபானந்த வாரியார் (1906–1993) தம் சொற்பொழிவினிடையே முன்னிருக்கும் சிறுவரை வினாக் கேட்டுப் பரிசளிப்பர்; எந்நேரம் எவ்வினா வருமோ என்று பெற்றோரும் செவிசாய்த்தே இருப்பர். மேனாட்டுத் தேவாலயங்கள் சிலவற்றில் முற்காலத்தே மேடையருகு மணற்கடிகை வைத்திருந்தனர். அதனை நாமும் மேற்கொள்ளலாம். ஆனால் மணல் தீர்ந்தபின் அதனைத் திருப்பி வைத்துத் தொடர்ந்தாரும் ஆண்டு இருந்திருப்பர் போலும்!

எனினும் கற்றார்க்கு வருஞ் சலிப்பு வேறு. மிக இளையரான மெய்கண்டார் மாணவர்க்கு ஆணவ மலத்தின் இயல்பினை உரைத்துக்கொண்டிருந்தபொழுது, குலகுருவாகிய சகலாகம பண்டிதர் ஆண்டுச் சென்று நின்று, அம்மலத்தின் சொரூபம் யாது என வினவினர். மெய்கண்டார் வாய்திறவாது, வினவி நின்ற அவரையே நோக்கினர். பண்டிதர் அடிவீழ்ந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினர் என்பது வழிவழி வரும் செய்தி. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள் முதற்படியிலே இடறுவார் கல்லாதார் அல்லர். கேட்க வேண்டுவது இனி யாதுமில்லை என்று நிற்பவரே. இதற்கு எம்மினும் அணித்தாகக் காட்டத்தக்க சான்று எமக்கு இல்லை.

சில ஆண்டுகட்கு முன் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஓரூரில் இரண்டு நாள் மாநாடு. இரண்டாம் நாட் பிற்பகல் வினைக்கொள்கை பற்றிப் பேச ஓர் இளைஞர் எழுந்தனர். சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று அவர் தொடங்கியதும், இஃது யாம் முப்பதாண்டு பாடஞ் சொன்ன பொருளன்றோ என்று எம் மனம் கதவடைத்துக்கொண்டது. அழைப்பிதழின் பின்புறத்தே அவர் பேச்சிற் கண்ட சொற்பிழைகளைக் குறிக்கலானேம். ஒருமை பன்மை மயக்கம், வலி மிகாவிடத்து மிகுத்தல் என ஒவ்வொன்றாக வளர்ந்து, அவர் அமர்ந்தபோது பதினேழாயின. பொழுது இனிதே கழிந்தது.

எம் அருகே எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் இருந்தனர். எம் நெற்றி நீற்றையும் கழுத்து மணியையும் கண்டு, "ஏனுங்க சாமி, அந்தத் தம்பி கடைசியாச் சொன்னாருங்களே, எனக்குக் காது சரியாக் கேக்கலீங்க. வேண்டுதல் தட்டிப்போனதாலதான் கொழந்தை போச்சுன்னு சொன்னாருங்களா, அதில்லைன்னு சொன்னாருங்களா?" என்று வினவினர். பேரக் குழந்தை நான்கு வயதிற் காய்ச்சலால் இறந்தது. திருச்செங்கோட்டு மலையின் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறி வருவதாக நேர்ந்துகொண்டதனை அவர் அதற்குமுன் செலுத்தாதிருந்தார். அதனைச் சுட்டி வீட்டாரும் ஊராரும் பேசினர். ஒன்பதாண்டாக அவ்வினாவைச் சுமந்திருந்தவர்க்கு, ஒருவர் விடை சொல்லுகையில் செவி கைவிட்டது. பக்கத்தே இருந்த எம் செவியோ நன்கு கேட்குஞ் செவி.

நூல் கூறும் விடை எமக்குத் தெரியும். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு ஆறும் உயிர் கருவிற் புகும்போதே அதன் பிராரத்தத்தால் அமைவன. ஒருவர் செய்த வினை மற்றொருவரைச் சென்று பற்றாது. அருளே திருமேனியான இறைவன் நேர்த்திக் குறைக்காகக் குழந்தையைக் கொள்வானல்லன். இவற்றைக் கூறினேம். பணிவோடு கேட்ட அவர், "சரிங்க சாமி, அந்தத் தம்பியும் இதையேதானுங்க சொன்னாரு?" என்றனர். எமக்கு நா எழவில்லை. ஆம் எனின் அறியாதது கூறலாகும். அறியேம் எனின், ஒருமணி நேரம் யாம் எழுதிக்கொண்டிருந்ததனை அவர் கண்டிருக்கின்றனர்.

அவர் கையைப் பற்றி மேடையின் பின்புறம் அழைத்துச் சென்றேம். இளைஞர் எழுந்து, அம்மையாரை நாற்காலியில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து, உரக்கவும் மெதுவாகவும் அனைத்தையும் மறுபடி கூறினர். பிராரத்தம் என்னும் சொல் ஒருகாலும் வந்திலது. பேருந்தில் ஏறும்போதே இறங்கும் ஊருக்குச் சீட்டு வாங்குகின்றோம். குழந்தை கிட்டத்து ஊருக்கு வாங்கி வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த நீங்கள் அதனை இறக்கிவிடவில்லை, ஆத்தா, என்றனர். அம்மையார் முந்தானையால் வாயைப் பொத்தி நெடுநேரம் இருந்தனர். பின், "நான் எறக்கி விடல" என்று தமக்குத்தாமே ஒருமுறை சொல்லிக்கொண்டனர்.

விடைபெறும்பொழுது இளைஞர் எம் கையிலிருந்த அழைப்பிதழைக் கண்டு, "ஐயா குறிப்பெடுத்திருக்கிறீர்கள் போலும், அடியேன் பார்க்கலாமா?" என்றனர். மறைத்தற்கு இடமில்லை, கொடுத்தேம். படித்து முறுவலித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டனர். இருபது நாட் கழித்து ஒரு கடிதம் வந்தது. பதினான்கைத் திருத்திக்கொண்டதாகவும், எஞ்சிய மூன்றும் பிழையல்ல எனத் தாம் கருதுவதாகவும் நன்னூல் விதிகளை எடுத்துக்காட்டி எழுதியிருந்தனர். நன்னூலைப் பிரித்துப் பார்த்தேம். மூன்றிலும் அவர் கூறியதே சரி.