எறும்பு சுமக்கும் சீதனம்



குர்ஆனின் 27ஆவது அத்தியாயத்தின் பெயரே எறும்புதான். அந்த இனத்தில் ஒன்று, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் இலைவெட்டி எறும்பு. இலைகளை நறுக்கிப் புற்றுக்குச் சுமந்து சென்று, அவற்றில் ஒருவகைப் பூஞ்சையை வளர்க்கிறது. அதன் புழுக்களுக்கு அதுவே உணவு.

புதிய ராணி எறும்பு பிறந்த புற்றை விட்டுப் பறக்கும்போது, அந்தப் பூஞ்சையில் சிறிதளவை வாயில் எடுத்துச் செல்கிறது. அது பட்டுப்போனால் புதிய புற்று தழைக்காது. சுப்ஹானல்லாஹ்!

சகோதரர்களே! வளைகுடா செல்லும் மகனின் பெட்டியில் ஊறுகாய் வரை எடுத்து வைக்கிறோம். மணமாகிச் செல்லும் மகளுக்கு நகை, பாத்திரம் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறோம். தொழுகையைக் கொடுத்தோமா? பெட்டி கட்டும் நாளில் அதைக் கொடுக்க முடியாது. ஏழு வயதிலேயே தொடங்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எங்கு சென்றாலும் ஈமானோடு செல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.